பள்ளத்து மேல கழுகு

பத்து நாளா பதிவு எதுவும் போடலை. மழை வந்துச்சா, எள்ளு என்னாச்சுன்னு கேட்டவங்க மன்னிக்கணும். மாட்ரிட்ல வேலை பாக்கற மகளைப் பார்க்கப் போயிருந்தேன். தோட்டத்துலயே கிடக்கற மனுசன், கட்டடத்தையே பாத்துட்டிருந்தா சலிச்சுப் போயிடுவேன்னு நினைச்சு, எக்ஸ்ட்ரமதூரா பக்கம் பறவை பாக்கற நாலு நாள் பயணத்துக்கு ரெண்டு பேருக்கும் பணம் கட்டி வச்சிருந்துச்சு.

மூணு நாள் போனதே தெரியலை. த்ருஹீயோ ஊர்ல கோபுரத்துக்குக் கோபுரம் செங்கால் நாரைக் கூடு. ஊருக்கு வெளிய இடைவெளி விட்டு ஓக் மரம், அதுக்குக் கீழ மாடும் கறுப்புப் பன்னியும் மேயுது. வெள்வேல மரத்துக்குப் பதிலா ஓக் மரம் நின்னா நம்ம கொரங்காடு எப்படி இருக்குமோ, அப்படி.

கடைசி நாள் மோன்ஃப்ராகுவே தேசியப் பூங்கா. தாஹோ ஆத்துக்கு அந்தப் பக்கம் செங்குத்தா ஒரு பாறை, அங்கங்க வெள்ளை வெள்ளையா எச்சம். அதுல கிரிஃபான் பாறுக் கழுகு கூடு வச்சிருக்கு. வெயில் ஏறிக் காத்து சூடானதும் ஒண்ணொண்ணா கிளம்புச்சு. றெக்கையை அடிக்கவே இல்லை. நாங்க நின்ன மட்டத்துக்கே வந்து வட்டம் போட்டு மேல போச்சு. முப்பது வரைக்கும் எண்ணிட்டு விட்டுட்டேன்.

கூட வந்தவங்க போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. எனக்கு எங்கூர்ப் பள்ளம் ஞாபகம் வந்திருச்சு.

நான் சின்னப் பையனா இருந்தப்ப, மாடு செத்தா பள்ளத்துல கொண்டு போய்ப் போடுவோம். மத்தியானத்துக்குள்ள கழுகு இறங்கி, பொழுது சாயறதுக்குள்ள எலும்புதான் மிச்சம் இருக்கும். 1998-ல என் கறவை மாட்டுக்கு மடி வீங்கிக் காய்ச்சல். கடையில டைக்ளோஃபெனாக் வாங்கி நானே ஊசி போட்டேன். மறுநாள் மாடு செத்துப் போச்சு. இழுத்துட்டுப் போய்ப் பள்ளத்துல போட்டோம். ஏழெட்டுக் கழுகு வந்துச்சு. அடுத்த ரெண்டு மூணு வருசத்துல நாய் மட்டும்தான் வந்துச்சு.

அந்த மருந்து இருக்கற சதையைத் தின்னா கழுகுக்குச் சிறுநீரகம் போயிரும்னு 2004-லதான் ஆராய்ச்சியில தெரிஞ்சுது. 2006-ல மாட்டுக்குப் போடத் தடை. அதுக்குள்ள இந்தியாவுல வெண்முதுகுப் பாறு நூத்துக்குத் தொண்ணூத்தொம்பதுக்கு மேல அழிஞ்சிருச்சு. நம்ம பக்கம் மாயாறு பள்ளத்தாக்குல கொஞ்சம் தப்பிச்சு நிக்குது.

அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல, வழிகாட்டி பட்டியலைப் படிச்சு முடிச்சிட்டு, ஆளாளுக்குப் பிடிச்ச பறவை எதுன்னு கேட்டார். நான் கழுகுன்னு சொல்லி, ஊசிக் கதையையும் சொன்னேன்.

"அப்பா, இதை இவங்ககிட்டச் சொல்லணுமா?"ன்னு மக தயங்குச்சு.

"சொல்லு கண்ணு."

சொன்னதும் மேசையில யாரும் பேசலை. வழிகாட்டிதான் மெதுவா ஆரம்பிச்சார். பைத்தியக்கார மாட்டு நோய்க்குப் பயந்து, செத்த மாட்டை வெளிய போடக்கூடாதுன்னு ஐரோப்பாவுல சட்டம் போட்டதும், ஸ்பெயின்ல கழுகு பட்டினி கிடந்ததாம். அப்புறம் சட்டத்தைத் தளர்த்தினாங்க. ஆனா இந்தியாவுல நடந்தது அத்தனையும் தெரிஞ்சும் 2013-ல அதே டைக்ளோஃபெனாக்கை மாட்டுக்குப் போட அனுமதிச்சிருக்காங்க. "உங்க கதையை எங்க விவசாயிங்ககிட்ட நான் சொல்லலாமா?"ன்னு கேட்டார். தாராளமாச் சொல்லுங்கன்னேன். அப்ப எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு.

அந்தப் பெருமை ஊர் வந்து சேர்ற வரைக்கும்தான். வந்ததும் மாட்டுக் கொட்டாயில மருந்துப் பெட்டியைத் திறந்து பாத்தா, பாதி தீர்ந்த கீட்டோபுரோஃபன் பாட்டில். கழுகுக்கு அதுவும் விஷம்தான். 2023-ல அதையும் மாட்டுக்குத் தடை பண்ணியாச்சு. ஊருக்கெல்லாம் கதை சொல்லிட்டு வந்தவன் வீட்டுல அது இருந்திருக்கு.

எடுத்து ஓரமா வச்சுட்டேன். இனி வலி, காய்ச்சல்னா மெலாக்சிகாம் மட்டும் போடுங்கன்னு டாக்டருக்கும் சொல்லியாச்சு. நீங்க யார்கிட்ட பால் வாங்கறீங்களோ, அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

எள்ளு நல்லா வந்திருக்கு. அது அடுத்த பதிவுல.