பனிநாட்டில் ஒரு பூந்தொட்டி

சிம்லாவில் ஐப்பசி கழிந்துவிட்டால் முற்றத்துச் செடிகளில் பூ என்று ஒன்று இராது. சாமந்தி முதல் உறைபனியிலேயே கருகிப்போகும். கடைத்தெருவில் விற்கும் கேந்திப்பூ சமவெளியிலிருந்து மேலேறி வரவேண்டும். பனியால் சாலை அடைபட்ட நாளில் அதுவும் வராது. நெல்லைச் சீமையில் விடியுமுன் கொல்லைக்குச் சென்று குடலை நிறையப் பூக்கொய்து பழகிய எங்கள் அம்மாவுக்கு, இவ்வூர்க் குளிரைக் காட்டிலும் இப்பூவின்மையே பெருந்துன்பமாக இருந்தது.

நாங்கள் மாற்றலாகி வந்த முதலாண்டு மாசியில் தந்தையாரின் திதி வந்தது. முதல்நாள் தொடங்கி விடாத பனி. வேறு வழியின்றி, பண்டிகைக்கு வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் மாலையொன்றைத் துடைத்துப் படத்திற்குச் சூட்டினோம். அம்மா அதைச் சற்று நேரம் பார்த்திருந்தார்.

"உங்கப்பா இருந்தவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல. அவருக்குப் போய்ப் பொய்ப்பூவா?" என்று மட்டுமே சொன்னார். அன்று மாலை, சித்திரைக்குள் தம்மை ஊருக்கு அனுப்பிவிடுமாறும் கேட்டார். அவ்வாண்டு எப்படியோ சமாதானம் சொல்லி நிறுத்திக்கொண்டோம்.

எங்கள் குடியிருப்புக்கு மேற்புறச் சரிவில், தோட்ட வேலையிலேயே ஆயுளைக் கழித்த முதியவர் ஒருவர் வாழ்கிறார். எங்கள் குறையைக் கேட்டு, அவ்வாண்டு ஐப்பசியில் ஒரு துணிப்பை நிறையக் கிழங்குகள் தந்தார். வெங்காயத்தின் உருவமும் பழுப்புத் தோலும் உடையவை. மஞ்சள் நிறத்து டாஃபடில் என்றும், கொத்தாக வெள்ளைப்பூ விடும் நர்கிஸ் சிலவும் கலந்திருக்கின்றன என்றும் சொன்னார். பனி உருகுமுன்னரே மண்ணைப் பிளந்து வருபவை இவைதாமாம்.

பெற்ற நாங்கள் செய்த பிழையைச் சொல்லவேண்டும். கார்த்திகைக் குளிரில் தொட்டிகள் வெளியே கிடப்பதைக் காணப் பொறுக்கவில்லை. அவற்றை அறைக்குள் கொணர்ந்து மின்கணப்பின் அருகே வரிசையாக வைத்தோம். குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோல் நாள்தோறும் வெதுவெதுப்பான நீரும் ஊற்றினோம். இலைகள் விரைந்து நீண்டன; அம்மாவும் மகிழ்ந்தார். தை பிறந்தபோது அவ்விலைகள் வெளிறிச் சாய்ந்தன. மொட்டு ஒன்றும் எழவில்லை. தோண்டிப் பார்த்தால் பாதிக் கிழங்குகள் அழுகியிருந்தன. இரண்டாம் மாசித் திதிக்கு இரு நாள் முன்னரே கேந்தி வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்திருந்து சமாளித்தோம்.

முதியவரிடம் சென்று நின்றோம். அவர் சிரிக்கவில்லை. எங்கள் அன்பே அவற்றைக் கொன்றது என்னும் பொருள்பட இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு, விளக்கம் தந்தார். பின்னர் நாங்கள் நூல்களிலும் பார்த்துத் தெளிந்தோம். டாஃபடிலின் மொட்டு வசந்தத்தில் உண்டாவதன்று. முந்திய கோடையிலேயே கிழங்கின் நடுவில் சிறிதாக உருவாகிவிடுகிறது. அது தண்டோடு நீண்டு வெளிவர வேண்டுமானால், ஏறத்தாழ 12 முதல் 16 வாரம் வரை 9 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர் பட வேண்டும். அக்குளிர் இல்லையேல் இலை வரும், பூ வராது. வெளியே கிடந்தால் உறைந்து செத்துவிடுமே என்று நாங்கள் அஞ்சியதும் வீண். மண்மேல் விழுந்த பனி கம்பளம் போன்றது. மேலே காற்று எவ்வளவு கடுங்குளிராக வீசினும், அதன் அடியில் மண் உறைநிலையை ஒட்டியே நிற்கும். காசுமீரத்தில் 2007இல் திறக்கப்பட்ட துலிப் தோட்டத்திலும் இலையுதிர்காலத்தில் நட்டுப் பனியில் கிடத்தித்தான் வசந்தத்தில் பூக்காண்கிறார்கள்.

இதே கிழங்கில் சிலவற்றைக் கால்காவிலுள்ள நண்பர் ஒருவருக்குக் கொடுத்திருந்தோம். 1903இல் திறந்த இம்மலைப்பாதை, 656 மீட்டர் உயரத்திலுள்ள கால்காவிலிருந்து 96 கிலோமீட்டரில் 2,076 மீட்டருக்கு ஏறுகிறது. அந்த ஏற்றம் கிழங்குக்குத் தெரிந்திருந்தது: அவர் வீட்டில் டாஃபடில் வெறும் இலையாக நின்றது; நர்கிஸோ மணக்க மணக்கப் பூத்தது. நர்கிஸுக்கு அத்தனை குளிர் வேண்டுவதில்லை. தில்லியிலும் சமவெளியூர்களிலும் உள்ள நம்மவர் நர்கிஸையே வைப்பது நலம். டாஃபடில்தான் வேண்டும் என்போர் கிழங்கைக் குளிர்பெட்டியில் வைத்தெடுக்கலாம். ஆனால் அதே பெட்டியில் ஆப்பிள் இருக்கலாகாது. பழுக்கும் ஆப்பிளினின்று எழும் ஆவி உள்ளிருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும்.

ஓர் அபாயத்தையும் மறைக்க விரும்பவில்லை. அழுகாது தப்பிய கிழங்குகளைக் கோடையில் எடுத்து உலர்த்திக் கூடையில் இட்டு, படிக்கட்டின் அடியில் வைத்திருந்தோம். ஊரிலிருந்து வந்த சின்ன வெங்காயக் கூடையும் பக்கத்திலேயே இருந்தது. ஒருநாள் சாம்பாருக்கு உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் மருமகள், "அத்தை, இது கண்ணைக் கரிக்கவே இல்லையே! கைதான் அரிக்குது" என்றாள். அம்மா வாங்கி முகர்ந்தார். வெங்காய வாசனையே இல்லை. நல்லவேளை, சட்டியில் விழவில்லை. இக்கிழங்கில் நஞ்சுண்டு, உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், சமைப்பதால் அந்நஞ்சு அகலாது. அன்று முதல் அக்கூடை சமையலறைப் பக்கமே வருவதில்லை. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டார் இதை நினைவில் வைக்கவேண்டும்.

மூன்றாமாண்டு ஐப்பசியில் மீண்டும் நட்டோம். கிழங்கின் உயரத்தைப்போல் மும்மடங்கு ஆழம். நீர் தேங்காதிருக்க மண்ணோடு மணல். அடியில் உடைந்த ஓட்டுச் சில்லு. பின்னர்த் தொட்டிகளை முற்றத்தில் விட்டு வந்துவிட்டோம். அதுதான் கடினமாக இருந்தது. மார்கழியில் தொட்டிகள் பனியில் மூழ்கியபோது, அம்மா சன்னல் வழியே பார்த்து, "உயிரோட இருக்குமா?" என்று கேட்பார். இருக்கும் என்போம். எங்களுக்கும் உறுதியில்லை.

மாசி இரண்டாம் வாரத்தில், உருகிய பனியின் ஓரத்தில் பச்சை முனைகள் தோன்றின. நாள்தோறும் அம்மாவே எழுந்து போய் எண்ணிவந்தார். பதினொன்று. பிறகு பதினான்கு. மொட்டு நிமிர்ந்து நின்று, விரியும் நாளில் கழுத்தை வளைத்துப் பக்கவாட்டில் பார்க்கும். திதியன்று விடியலில் விரிந்திருந்தவை மூன்றே. இரண்டைக் கொய்து தந்தையாரின் படத்தின் முன் வைத்தார், மூன்றாவதைத் தொடவில்லை. "அது இருக்கட்டும். மத்ததெல்லாம் அதைப் பாத்துட்டு வரும்" என்றார். நாங்கள் பிளாஸ்டிக் மாலையைத் தேடினோம். அது எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை.

பூ முடிந்ததும் இலைகளை அறுக்கலாகாது. அடுத்த ஆண்டு மொட்டுக்கான உணவை அவைதாம் கிழங்குக்குச் சேர்க்கின்றன. தாமாக மஞ்சளித்துச் சாய ஆறு வாரமேனும் ஆகும். அந்தச் சாய்ந்த இலைகளைக் கண்டு அண்டை வீட்டார் முகஞ்சுளித்தபோதும், அம்மா யாரையும் கை வைக்க விடவில்லை.

சித்திரையில் அவர் ஊருக்குச் சென்றார். மூட்டுவலிக்கு வெயில் வேண்டும் என்று மருத்துவர் கூறியிருந்தார்; அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஐப்பசி கடைசியில் தொலைபேசியில் அழைத்தார். பேரனைக் கேட்டார், சளியைக் கேட்டார், பின் குரலைச் சற்றுத் தாழ்த்தி, "தொட்டியை வெளியே வச்சிட்டீங்களா? உள்ளே கொண்டுபோயிராதீங்க, என்ன குளிரானாலும்" என்றார்.

அன்று காலையில்தான் வைத்திருந்தோம்.