மணி தவறாத சந்நிதி

ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறுகின்றது. அன்று தொடங்கி 25 நாட்கள் யாழ்ப்பாணத்து இல்லங்களில் மச்சம் புகுவதில்லை. கொழும்பிலிருந்தும் கடல்கடந்த நாடுகளிலிருந்தும் பிள்ளைகள் விடுமுறை பெற்று வந்து சேர்வர். ஆண்டு முழுவதும் தனித்திருந்த முதியோரின் முற்றங்களிலே பேரக்குழந்தைகளின் ஆரவாரம் எழும்.

சென்ற ஆண்டு நாமும் அவ்வாறே சென்றோம். அம்மாவுக்கு வயது 82. நீரிழிவு நோயும் உண்டு. நெடுநாட்களின் பின் கூடிய மகிழ்ச்சியில் இரவெல்லாம் பேசியிருந்தோம். உணவு வேளைகளும் முன்பின்னாயின. இருபத்துநான்காம் நாள் தேர்த்திருவிழா. அம்மா விரதம் பூண்டு, காலைக் குளிசையை மட்டும் விழுங்கிவிட்டு எம்முடன் புறப்பட்டார். இடைவழியில் ஒதுங்க நேருமே என்று அஞ்சித் தண்ணீரும் அருந்தவில்லை. இவை எவற்றையும் நாம் கேட்டறியவில்லை.

திருவிழாக் காலத்தில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வாகனங்கள் செல்ல இடமில்லை. முதியவரேயாயினும் நடந்தே செல்லவேண்டும். தெற்கு வீதியின் வெண்மணலில், நெருக்கத்தின் நடுவே நின்றோம். ஆறுமுகப் பெருமான் தேரேறி வருகையில் "அரோகரா" என்னும் ஒலி வானைப் பிளந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது, கைகள் நடுங்கின, சொற்கள் குழறின. தொண்டர்கள் தாங்கிச் சென்று சர்க்கரை கரைத்த நீரைப் பருகுவித்தனர். சிறிது நேரத்தில் தெளிவடைந்தார். உணவின்றிக் குளிசையை உட்கொண்டமையால் இரத்தத்தில் சீனி தாழ்ந்தது என்றும், இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் நினைவே தவறியிருக்கும் என்றும் வைத்தியர் கூறினார்.

அன்று எம்மிடம் அன்பு குறைந்திருக்கவில்லை. அம்மாவின் ஒழுங்கையே நாம் குலைத்திருந்தோம். காலை ஆறு மணிக்குத் தேநீர், ஏழு மணிக்கு இடியப்பம், அதன்பின் குளிசை, நண்பகலில் ஓர் உறக்கம் என்று அவர் தம் நாட்களைக் காத்துவந்தார். 1734 ஆம் ஆண்டில் அமைந்த இக்கோயில், பூசை நேரம் சிறிதும் பிழையாமைக்குப் பெயர்பெற்றது. அதனைப் புகழ்ந்து பேசும் நாம், வீட்டிலுள்ள முதியவரின் உடலுக்கும் அத்தகைய நேரங்கள் உண்டென்பதை மறந்துவிட்டோம்.

இவ்வாண்டு கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்னரே வைத்தியரிடம் கேட்டோம். விரத நாளிலும் வெறுவயிறு ஆகாதென்று கூறி, எதை எப்போது உண்பது, குளிசையை எப்போது எடுப்பது என்று எழுதித் தந்தார். வைத்தியர் சொல்லென்றதும் அம்மாவும் இணங்கினார். குளிசைப் பெட்டியைக் கவனிக்கும் பொறுப்பை நாளுக்கொருவராக ஏற்றோம்.

கோயிலுக்கும் நெருக்கமில்லாத ஒரு நாளின் விடியற்காலையில் சென்றோம். சோளகக் காற்று மெல்ல வீசியது. மணல் இன்னும் குளிர்ந்திருந்தது. ஈர வேட்டியுடன் ஆடவர் பிரதட்டை செய்தனர். பின்னே பெண்கள் அடியழித்துச் சென்றனர். மடக்குக் கதிரையில் அமர்ந்து அம்மா கோபுரத்தை நெடுநேரம் நோக்கியிருந்தார். பின்பு என் கையைப் பற்றி, "தம்பி, இண்டைக்குத்தான் நான் முருகனை ஆறுதலாய்க் கும்பிட்டன்" என்றார்.

தேரன்று மற்றையோர் கோயிலுக்குச் சென்றனர். நான் அம்மாவுடன் வீட்டில் இருந்தேன். மணியோசை காற்றில் வந்தது. அம்மா இருந்த இடத்திலிருந்தே கைகூப்பினார். பின்னர் உரிய வேளையில் உணவருந்தினார். திரும்பிவந்த பேரன் ஒரு பொட்டலம் கச்சானை நீட்டினான். "பல்லில்லாத எனக்குக் கச்சானோ?" என்று அவர் நகைத்தார். அவன் அதனை உரலில் இட்டு இடித்துக் கொடுத்தான்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் பரிசுப்பொருள்களை எடுத்துவைக்கும் முன்னரே தம் பெற்றோரின் உணவு வேளையையும் மருந்து வேளையையும் கேட்டு அறிந்துகொள்வது நன்று. அவ்வேளைகள் தவறாத வீட்டிலே திருவிழா முதியோருக்கும் திருவிழாவாக இருக்கும்.