மாற்றிய கட்டளை

பழமையை ஆராயாது நம்புகிறவனைக் கண்டால் எனக்கு நகைப்பு வரும். "பாட்டன் செய்தான், நானும் செய்கிறேன்" என்பவனை, "ஏன்?" என்று கேட்டு, அவன் விழிப்பதைக் கண்டு களிப்பவன் நான். அத்தகைய நானே ஒரு நாள் அந்தக் கேள்வியை மறந்தேன். அதை மறைக்காமல் எழுதுவதே நேர்மை.

பினாங்குத் தீவிலே, ஜார்ஜ் டவுன் நகரிலே, மின்சார வண்டி புதுமையன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கு மின்சார டிராம் ஓடிற்று. 1936இல் அது நின்றது. மேற்கம்பியிலிருந்து மின்சாரம் பெற்ற டிராலி பஸ் 1961 வரை ஓடிற்று. அக்காலத்து டிராம் ஓட்டுநர் ஒரு கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்புவார். படிதோறும் தடைக்கம்பிகள் விலகும், மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் மிகும், வண்டி விரையும். அவசரப்பட்டுப் படிகளைத் தாண்டினால் வண்டி குலுங்கும். கட்டளையிட்ட கையே அந்தக் குலுக்கலையும் உணரும்.

இன்று அக்கையின் வேலையை உள்ளங்கையளவு பலகையொன்று செய்கின்றது. அதிலுள்ள ஆறு மின்னணு சுவிட்சுகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, பாட்டரியின் மின்சாரத்தை மோட்டாரின் மூன்று கம்பிகளுக்கும் முறைவைத்து அனுப்புகின்றன. எப்போது அனுப்புவது, எவ்வளவு அனுப்புவது என்பனவெல்லாம் அதனுள் எழுதப்பட்ட கட்டளைகள். அத்தொகுப்பை 'ஃபர்ம்வேர்' என்பர். வித்தையை மறைத்துவைப்போர் மலிந்த உலகில், சுவீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெடர், தாம் வகுத்த இத்தகைய கருவியின் வரைபடத்தையும் கட்டளைகளையும் எல்லோர்க்கும் பொதுவாக்கினார். அத்தகையோர் எழுதியவற்றைக் கற்று, நானே ஒரு கருவி செய்து, மூன்று சக்கர வண்டியொன்றில் பொருத்தினேன். கால் தளர்ந்த என் தாயார் வீட்டு முற்றத்திலிருந்து தோட்டம்வரை சென்றுவர அது போதும்.

வண்டி நன்றாகவே ஓடிற்று. புறப்படுகையில் மட்டும் சிறு குலுக்கல். அதை நீக்கக் கட்டளைகளைத் திருத்தி, புதிய தொகுப்பைக் கருவியில் ஏற்றினேன். பழைய அளவுகளைக் குறித்துவைக்கவில்லை. சக்கரத்தைத் தரையினின்று உயர்த்தவுமில்லை. புதியது, ஆகவே நல்லது என்பதே என் துணிபு.

திருகுபிடி ஓய்ந்திருக்கும்போதும் சுமார் 0.8 வோல்ட் காட்டும். அதை 'நில்' என்று கொள்ளுமாறு முன்னர் எழுதியிருந்தேன். புதிய தொகுப்பு ஏறியதும் அவ்வளவு அழிந்து, தொடக்கம் பூஜ்யமாயிற்று. ஓய்ந்த பிடியையே 'செல்' என்னும் ஆணையாகக் கருவி கொண்டது. சுவிட்சைப் போட்டேன். ஆளில்லா வண்டி பாய்ந்தது. எதிரே என் மகள்!

"அப்பா!" என்று அலறினாள். திண்ணையிலிருந்த தாயார் எட்டி அவள் கையைப் பற்றி இழுத்தார். வண்டி சுவரில் மோதிற்று. அப்போதும் சக்கரம் சுழன்றது. பாட்டரி இணைப்பைப் பிடுங்கினேன்.

தாயார் கடிந்துகொள்ளவில்லை. "அதுக்கு அப்படிச் செய்யச் சொன்னது யாரப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான் அம்மா" என்றேன். வேறு யாரைச் சொல்வது?

அன்றிரவு சக்கரத்தை உயர்த்தி நிறுத்தினேன். மின்சாரத்தின் உச்ச அளவைக் குறைத்தேன். பிடியின் ஓய்வளவை அளந்து எழுதினேன். வண்டியை உயிர்ப்பிக்கும்போது பிடி ஓய்ந்திருப்பதைக் காணாதவரை மோட்டாருக்கு மின்சாரம் செல்லலாகாது என்று ஒரு கட்டளையும் சேர்த்தேன். பிடியை வேண்டுமென்றே திருகிவைத்துச் சுவிட்சைப் போட்டேன், சக்கரம் அசையவில்லை. ஒரு முறையன்று, இருபது முறை பார்த்தேன். எல்லா அளவுகளையும் ஏட்டில் குறித்தேன்.

தோழர்களே! பழைய கட்டளைகளை மாற்றத்தான் வேண்டும். அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால், பழையது என்பதற்காகவே பணிவது மூடநம்பிக்கையெனில், புதியது என்பதற்காகவே நம்புவது வேறென்ன? பழமையை நோக்கி நாம் தொடுக்கும் "ஏன்?" என்னும் கேள்வியை, நம் கையால் எழுதிய கட்டளையை நோக்கியும் தொடுக்கவேண்டும். நாம் தவறினால் எதிரே நிற்பவர் நம் பிள்ளைகள்.

மறுநாள் காலை அவ்வண்டியில் முதலில் நான் ஏறினேன். முற்றத்தைப் பத்து முறை சுற்றிய பின்னரே தாயாரை அமர்த்தினேன். புறப்படுகையில் சிறு குலுக்கல் இன்னும் இருந்தது.