மல்லாந்து படிப்பவருக்கு

ஜூலை 6, ஞாயிறு

படுத்துக்கொண்டு படிப்பது சோம்பேறிகளின் சொகுசு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் முதுகெலும்பில் அறுவை முடிந்தவர், இடுப்பெலும்பு முறிந்தவர், எழுந்து உட்கார்ந்தாலே தலைசுற்றி விழுந்துவிடும் நோய் உள்ளவர், இவர்களுக்கு வேறு வழி கிடையாது. நாளெல்லாம் மின்விசிறியைப் பார்த்தபடி கிடப்பவருக்கு ஒரு நாவல் எவ்வளவு பெரிய துணை! அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதற்கான சாதனங்களை எடைபோட வேண்டும். கடையில் முதலில் காதில் விழும் யோசனை, எடை குறைந்த மின்நூல் கருவியாக வாங்குங்கள் என்பது. அது பாதி உண்மைதான். 2022-இல் வந்த சாதாரண கிண்டில் 158 கிராம். கெட்டி அட்டை போட்ட தடித்த நாவல் அரைக் கிலோவைத் தாண்டும். வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் தோளிலிருந்து விரல்நுனி வரை ஒரு கையின் எடை, உடல் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம். 60 கிலோ ஆளுக்கு ஒரு கையே 3 கிலோ. முகத்துக்கு மேலே புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கும்போது தோள் சுமப்பது பெரும்பாலும் தன் கைகளைத்தான். போதாததற்கு, இதயத்துக்கு மேலே தூக்கிய கைக்கு ரத்தம் எதிரேற வேண்டியிருப்பதால் சற்று நேரத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. முழங்கையை மெத்தையில் ஊன்றினால் புத்தகம் நெஞ்சுக்கு நேரே நிற்கும், கண்ணுக்கு நேரே வராது. கழுத்தை வளைத்தாக வேண்டும். ஆகவே கையைக் கீழே இறக்கிவைக்க எது உதவுகிறதோ அதுதான் சாதனம். எடை குறைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஜூலை 8, செவ்வாய்

கையை விடுவிக்க இரண்டு வழிகள். ஒன்று, புத்தகத்தை முகத்துக்கு மேலே நிறுத்துவது; மற்றொன்று, பார்வையை வளைப்பது. இரண்டாவது வழி பழையது. படுக்கையில் படிப்பதற்கென்றே செய்த கண்ணாடியை அணிந்து படுத்திருப்பவரின் புகைப்படம் ஒன்று 1936-இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்டிருக்கிறது. இன்று இணையக் கடைகளில் கிடைக்கும் ப்ரிசம் கண்ணாடியும் அதன் வாரிசுதான். கூரையை நோக்கிக் கிடக்கும் கண்ணின் பார்வையை அது 90 பாகை திருப்பிக் கால்பக்கம் அனுப்புகிறது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மட்டும் சாய்த்து வைத்துப் பார்த்தால் எழுத்து இடம் வலமாக மாறித் தெரியும். ப்ரிசத்துக்குள் ஒளி இரண்டு முறை பிரதிபலித்து வெளியே வருவதால் எழுத்து நேராகவே தெரிகிறது. வயிற்றின் மேல் ஒரு சின்னத் தலையணை, அதில் சாய்த்த புத்தகம், பக்கவாட்டில் மெத்தையில் கிடக்கும் கைகள். அச்சுப் புத்தகத்தைப் படுத்துப் படிக்க இதைவிட மலிவான நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. குறைகளும் உண்டு: பார்வைப் பரப்பு குறுகலானது, விரித்த செய்தித்தாளுக்கு ஆகாது, கழற்றாமல் எழுந்தால் தடுமாற்றம் நிச்சயம்.

கையே அசையாதவருக்கு முதல் வழிதான். 1940களில் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில், மைக்ரோஃபிலிம் தொழிலில் முன்னோடியான யூஜின் பவரின் முயற்சியால், புத்தகப் பக்கங்களைக் கூரையில் விழச் செய்யும் புரொஜெக்டர்கள் நோயாளிகளின் படுக்கைக்குப் போயின. ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த பக்கம் வரும்; கை வராதவர் மோவாயாலோ கால்விரலாலோ அழுத்திக்கொள்ளலாம். அந்த இரண்டு வேலைகளையும் இன்று கட்டில் சட்டத்தில் திருகி மாட்டும் வளைகழுத்து ஸ்டாண்டும், பக்கம் திருப்பும் சின்ன ரிமோட்டும் செய்கின்றன. ரிமோட்டை ஆடம்பரம் என்று ஒதுக்கக் கூடாது. மெல்லிய வளைகழுத்தில் மாட்டிய திரையை ஒவ்வொரு பக்கத்துக்கும் விரலால் தொட்டால், தொடும்போதெல்லாம் அது ஆடும். எழுத்து நிலைகொள்ளும் வரை காத்திருக்க வேண்டும். மறுபடியும் கை மேலே போகும், எதற்காக ஸ்டாண்ட் வாங்கினோமோ அதுவே வீணாகும். வளைகழுத்து நாளாக நாளாகத் தொய்யும் என்பதால், திரையை முகத்துக்கு நேர் மேலே தொங்கவிடாமல் நெஞ்சுப்பக்கம் சற்றுத் தள்ளிச் சாய்த்து மாட்டுவதே பத்திரம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. வெள்ளெழுத்துக்காக பைஃபோகல் போட்டிருப்பவர் மல்லாந்து படுத்து நேராக மேலே பார்த்தால், கண் போவது தூரப்பார்வைக்கான மேல்பகுதி வழியே. எழுத்து மங்கும். மோவாயை உயர்த்திக் கீழ்ப்பகுதியால் பார்க்க முயன்று கழுத்துவலியைத் தேடிக்கொள்வார், பழியை ஸ்டாண்டின் மேல் போடுவார். ப்ரிசம் கண்ணாடியிலும் இதே சிக்கல்தான். கிட்டத்தில் பார்ப்பதற்கு மட்டுமான பவரில் தனியாக ஒரு சாதாரண கண்ணாடி போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

ஜூலை 12, சனி

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். படுத்துப் படித்தால் கண் கெடும் என்பது நம் வீடுகளில் தலைமுறையாகச் சொல்லப்படுவது. கவனிக்க வேண்டியது படுக்கையை அல்ல, வெளிச்சத்தை. மங்கிய வெளிச்சத்தில் படித்தால் பெரியவர்களுக்குக் கண் களைக்கும், எரியும். அதனால் பார்வை நிரந்தரமாகக் கெட்டுவிடுவதில்லை. புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படிக்கும் குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரின் கவலை நியாயமானது, கிட்டப்பார்வைக் குறைபாட்டுக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். அங்கேயும் கவனிக்க வேண்டியது தூரத்தையும் வெளிச்சத்தையும். ஸ்டாண்ட் இருந்தால் தூரம் நம் கட்டுப்பாட்டில் இருக்கும்.

படிக்க முடியாவிட்டால் ஒலிப்புத்தகம் கேட்கலாமே என்பது வலுவான வாதம். கேட்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வரியில் நின்று யோசிப்பதும், பத்துப் பக்கம் முன்னே போய்ச் சரிபார்ப்பதும், பாடப்புத்தகத்தில் படத்தையும் சூத்திரத்தையும் பார்ப்பதும் கண்ணால்தான் சரிப்படும். தவிர, ஒலிவடிவம் வராத தமிழ் நூல்களே மிகுதி. மதுரைத் திட்டம் என்னும் இணைய நூலகம் 1998 முதல் இலவசமாகச் சேர்த்துத் தந்துகொண்டிருக்கும் பழந்தமிழ் நூல்கள் எழுத்தாகத்தான் இருக்கின்றன. படுத்த படுக்கை என்றால் இனிப் படிப்பெதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. போலியோவால் 1952-இல், மூச்சுவிட உதவும் இரும்பு நுரையீரலுக்குள் வைக்கப்பட்ட டெக்சாஸ்காரர் பால் அலெக்சாண்டர், 2024-இல் இறக்கும்வரை அந்த எந்திரத்தைச் சார்ந்தே வாழ்ந்தார். சட்டம் படித்து வழக்கறிஞரானார், வாயில் கவ்விய குச்சியால் தட்டித் தன் வரலாற்றை எழுதினார். அப்படிக் கேட்பவர்களுக்கு அவர் வாழ்க்கை போதும்.

மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவுகளும் பொது நூலகங்களும் ஊன்றுகோலை இரவல் தருவதுபோல் நாலைந்து ப்ரிசம் கண்ணாடிகளையும் ஸ்டாண்டுகளையும் வாங்கிவைத்து இரவல் கொடுக்க வேண்டும். பெரிய செலவில்லை. நோயாளியைப் பார்க்கப் போகும் உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் இன்னொருவர் வாங்கி வருவார். நீங்கள் ஒரு ஸ்டாண்டை வாங்கிப்போய், அதைக் கட்டிலில் மாட்டி, அவர் கண்ணுக்குச் சரியான தூரத்தில் நிறுத்திக் கொடுத்துவிட்டு வாருங்கள்.