இடது பக்கம் ஏன் வேலை செய்யேல்லை?

போன டிசம்பர் லீவில் ஸ்காபரோவில் வெளியே கால் வைக்க ஏலாத பனி. என்ட 9 வயது மகள், "அப்பா, டான்ஸ் மேட் செய்வமா?" என்று கேட்டாள். 1998இல் ஜப்பானில் கொனாமி வெளியிட்ட 'டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன்' உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். திரையில் வருகிற அம்பைக் காலால் மிதிக்க வேண்டும்.

செய்வது சுலபம்தான். அட்டை, சமையலறை அலுமினியத் தாள், நடுவில் ஓட்டை போட்ட ஸ்பஞ்சு. மிதித்தால் மேல் தாளும் கீழ் தாளும் தொடும். அர்டுயீனோ லியோனார்டோ போர்டு அதைக் கீபோர்ட் அம்பாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஆட்டத்துக்கு ஸ்டெப்மேனியா, இலவசம்.

ஆனால் இடது அம்பு எவ்வளவு குதித்தாலும் வரவில்லை. மேல் அம்போ யாரும் மிதிக்காமலே அமத்தினபடி நின்றது. இரண்டு இரவு புரோகிராமைத் திருத்திப் பார்த்தேன்.

அப்பா பேஸ்மென்டுக்கு இறங்கி வந்தார். ஊரில் ரேடியோ திருத்தினவர். இங்கே 20 வருசம் பாக்டரியில் பெட்டி கட்டினவர்.

"உது புரோகிராமில இல்லை. மீட்டர் இருக்கோ?"

"அப்பா, இது உங்கட ரேடியோ மாதிரி இல்லை."

சொன்ன உடனேயே வெட்கமாகப் போய்விட்டது. சின்ன வயதில் அவருக்கு வரும் கடிதமெல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன். அந்தப் பழக்கத்தில், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்றே நினைத்து வளர்ந்துவிட்டேன் போல.

அவர் ஒன்றும் பேசவில்லை. யூஎஸ்பி வயரைக் கழற்றிவிட்டு, மீட்டரைச் சத்தம் வரும் இடத்தில் வைத்தார். பேத்தியிடம், "மிதிக்காத நேரம் சத்தம் வரக்கூடாது. மிதிச்சால் வரவேணும். சரியோ?" என்றார்.

மேல் அம்பு மிதிக்காமலே கத்தியது. ஸ்பஞ்சில் ஓட்டை பெரிதானதால் மேல் தாள் தொய்ந்து கீழே தொட்டுக்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு ஸ்பஞ்சுத் துண்டு ஒட்டியதும் அடங்கியது.

இடது, மிதித்தும் மௌனம். நான் பற்றவைத்த வயர் தாளை விட்டுக் கழன்று கிடந்தது.

"அலுமினியத்தில சும்மா ஈயம் பிடியாது, தம்பி."

வயரின் நுனியை உரித்து, தாளை மடித்து அதற்குள் வைத்து, வாஷர் போட்டு நட்டை இறுக்கச் சொன்னார். அவருக்குக் கை நடுங்கும். இறுக்கியது மகள்.

தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்கிறவள், "அப்பப்பா, இடது வேலை செய்யுது!" என்று கத்தினாள். தமிழ் வகுப்பில் இவ்வளவு நாளும் குழம்பிய இடதும் வலதும் அன்றைக்குச் சரியாகிவிட்டன.

நீங்களும் செய்தால், புரோகிராமில் கை வைக்க முதல் மீட்டரை எடுங்கோ. வீட்டில் ஒரு அப்பப்பா இருந்தால், அவரையும் கூப்பிடுங்கோ.

இப்ப வீட்டில் எது பழுதானாலும் மகள் என்னைத் தேடுவதில்லை.