வைரக் கற்களும் வங்கிப் புத்தகமும்

2024 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் இரண்டாம் வாரம். பகல் உணவுக்குப் பின் சற்றே கண்ணயரலாம் என்று நான் எண்ணியிருந்த வேளையில், பங்கு இல்லத்தின் வாயிற்கதவை ஒரு பெண்மணி தட்டினார். பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் எங்கள் பங்குத் தாய்மார்களுள் ஒருவர் அவர். கணவர் கேரளத்தில் கட்டட வேலை செய்து பணம் அனுப்புகிறவர். மூத்த மகள் செவிலியர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்குச் செல்ல வேண்டியவள். இளையவன் எட்டாம் வகுப்பை முடித்தவன். பலிபீடத்தில் எனக்கு உதவி செய்யும் பிள்ளை.

"சாமி, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டலாம்னு பேங்குக்குப் போனேன். பணம் இல்லங்கிறாங்க. காலையிலேருந்து பையனையும் காணல" என்று சொல்லித் திண்ணையிலேயே அமர்ந்துவிட்டார். கையிலே வங்கிப் புத்தகம். அன்று காலைதான் வங்கியில் அதை அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள்.

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஏமாற்றும் கயவர்களின் வேலையாக இருக்கும் என்றே நான் முதலில் எண்ணினேன். புத்தகத்தைப் புரட்டியபோது அந்த எண்ணம் தளர்ந்தது. திருடன் ஒரே நாளில் வாரிக்கொண்டு போவான். இங்கோ ஏப்ரல் மாத இறுதியிலிருந்து ஏழு வாரங்களில் 41 முறை பணம் போயிருந்தது. முதலில் 80 ரூபாய். சில நாள் கழித்து மீண்டும் 80. பின்னர் 240, 400, 800. பெருந்தொகை என்று பார்த்தால் 1,600. கூட்டினால் 27,640 ரூபாய். இரகசிய எண்ணைப் பதிக்காமல் பணம் போகாதே என்று கேட்டேன். அந்தத் தாய் தலைகுனிந்தார். அவருக்கு அந்தத் தொலைபேசியில் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவனும், அந்த நான்கு எண்களை அவருக்கே அடிக்கடி நினைவூட்டுகிறவனும் அந்தச் சிறுவன்தான். வங்கி அனுப்பிய குறுஞ்செய்திகளையும் அவனே அழித்திருக்கிறான்.

மாலையில் உபதேசியார் அவனைக் கண்டுபிடித்தார். கோவில் மணிக்கூண்டின் படிக்கட்டில், பழைய சுரூபங்களுக்குப் பின்னால், பசியோடு உறங்கிக் கிடந்தான்.

முதல் அரை மணி நேரம் நான் அவனைக் கடிந்துகொண்டேன் என்பதை மறைக்கப்போவதில்லை. பீடி சுற்றும் கைகளைப் பற்றி, அக்காளின் எதிர்காலத்தைப் பற்றி, ஏழாம் கட்டளையைப் பற்றி நெடியதொரு பிரசங்கமே செய்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிரசங்கத்தால் பயனில்லை என்று கண்டு, சோறு போடச் சொல்லி, அவன் உண்டபின் வங்கிப் புத்தகத்தை மேசையில் விரித்து, "இந்த வரி என்ன? அடுத்த வரி என்ன?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினேன். அதன் பிறகுதான் அவன் வாய் திறந்தது.

விளையாட்டின் பெயர் இங்கே வேண்டாம். ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்கி ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தி, எஞ்சி நிற்பவன் வெல்லும் வகையைச் சேர்ந்தது அது. ஆடுவதற்குக் காசு இல்லை. ஆனால் உள்ளே ஒரு கடை இருக்கிறது. அந்தக் கடையில் நம் ரூபாய் செல்லாது. 'டைமண்ட்' என்று பிள்ளைகள் சொல்லும் வைரக் கற்கள் மட்டுமே செல்லும். ரூபாயைக் கொடுத்து அந்தக் கற்களை வாங்குவதற்கு 'டாப்-அப்' என்று பெயர். முதல் 80 ரூபாய்க்கு ஒரு சட்டை. அடுத்த 80 ரூபாய்க்கு, சட்டைக்குப் பொருந்தும் காற்சட்டை. 240 ரூபாய்க்கு, எதிரியை வீழ்த்தியபின் ஆடிக்காட்டும் ஒரு நடனம். இன்னொரு வரி, தோளருகே பறந்துவரும் ஒரு பறவை.

"அந்தச் சட்டையைப் போட்டால் குண்டு படாதா?" என்று கேட்டேன்.

அவன் சிரித்துவிட்டான். "இல்ல சாமி. சும்மா பார்க்கத்தான்."

"பின்னே எதற்கு?"

"வெறும் டிரெஸ்ஸோட போனா 'பாட்'டுன்னு சொல்வாங்க சாமி. டீம்ல சேர்க்கமாட்டாங்க."

'பாட்' என்றால், மனிதர் எவரும் ஆட்டாமல் கணினியே ஆட்டுவிக்கும் பொம்மை ஆள் என்று விளக்கினான். அதாவது, புதுச்சட்டை இல்லாதவன் மனிதனாகவே எண்ணப்படுவதில்லை. 1980 ஆம் ஆண்டையொட்டிய ஒரு கிறிஸ்துமஸ் இரவில், அண்ணனுடைய பழைய சட்டையைப் பிடித்துத் தைத்து அணிந்துகொண்டு, கோவிலின் கடைசித் தூணுக்குப் பின்னால் பூசை கண்ட ஒரு சிறுவனை நான் நன்கு அறிவேன். ஆதலால் அந்த விடைக்குப் பிறகு என்னால் அவனைக் கடிந்துகொள்ள இயலவில்லை.

அக்காலத்தில் எங்களுக்கும் ஒரு நாணயம் இருந்தது. தீப்பெட்டிப் படங்கள். அரிதான படம் ஒன்றுக்குச் சாதாரணப் படம் பத்து என்று மாற்று விகிதம்கூட உண்டு. மளிகைக் கடைக்காரர் மகன் அவற்றைக் கட்டுக்கட்டாகக் காசுக்கு விற்கத் தொடங்கினான். நான் என் தாயின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து நாலணாவை எடுத்தேன், பிடிபட்டேன், உதையும் பட்டேன். எனினும் நாலணாவோடு அது நின்றுபோயிற்று. பெட்டி காலியாகும் ஓசை என் தாயின் காதில் விழுந்தது. வங்கிக் கணக்கு காலியாவதற்கு ஓசை இல்லை.

புத்தகத்தில் மே மாதத்து ஓரிரவில் மட்டும் ஆறு வரிகள். ஆறும் 800 ரூபாய். அது என்னவென்று கேட்டபோது அவன் குரல் தாழ்ந்தது. சிவப்பு மேலங்கி ஒன்று. அதை நேராக விலைக்கு வாங்க முடியாது. வைரம் செலுத்தி ஒரு சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். வந்தால் மேலங்கி, வராவிட்டால் ஏதேனும் ஓர் அற்பப் பொருள். மூன்று நாளில் சக்கரம் மறைந்துவிடும் என்று மேலே ஒரு கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருந்ததாம். 4,800 ரூபாயின் முடிவில் மேலங்கி வந்தது. பதினொரு நாள் அணிந்திருக்கிறான்.

பதினொரு நாள்தானா என்று நீங்கள் கேட்கலாம். கல்லூரிக் கட்டணத்துக்கு நாள் நெருங்குவதை அறிந்து அஞ்சியவன், தன் விளையாட்டுக் கணக்கையே 6,000 ரூபாய்க்கு விற்றுவிட முனைந்தான். வாங்குவதாகச் சொன்ன முகம் தெரியாத ஒருவன், கடவுச்சொல்லைப் பெற்றுக்கொண்டு மறைந்துபோனான். சட்டை, காற்சட்டை, பறவை, மேலங்கி எல்லாம் போயின. யாரிடம் முறையிடுவது? இத்தகைய விளையாட்டுகளின் விதிகள் கணக்கை விற்பதையே தடைசெய்கின்றன. காசு கொடுத்து வாங்கியவை என்று அவன் நம்பியிருந்தவை உண்மையில் அவனுடையவையே அல்ல. திருடிய பிள்ளை திருட்டுக் கொடுத்தும் நின்றான். மணிக்கூண்டில் அவன் அழுதது எதற்காக என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

அதன்பின் சில வாரங்கள் இதைப் பற்றியே படித்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த இளம் ஆசிரியர் ஒருவர் துணைபுரிந்தார். 2001 ஆம் ஆண்டிலேயே எட்வர்ட் கஸ்த்ரோனோவா என்னும் அமெரிக்கப் பொருளியலர், 'எவர்குவெஸ்ட்' என்ற விளையாட்டின் கற்பனை நாணயத்தை மக்கள் தங்களுக்குள் டாலருக்கு விற்பதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அன்று விற்றவர்கள் ஆடுவோர். பின்னர் நிறுவனங்களே கடை விரித்தன. 2006 இல் 'ஆப்ளிவியன்' என்ற விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசத்தை ஏறத்தாழ இரண்டரை டாலருக்கு விற்றபோது ஆடுவோர் எள்ளி நகையாடினார்களாம். அதை விற்ற நிறுவனத்தின் பெயர் பெதஸ்தா. யோவான் நற்செய்தியின் 5 ஆம் அதிகாரத்தில் பிணியாளர்கள் காத்துக்கிடந்த குளத்தின் பெயர்! இன்று எவரும் நகைப்பதில்லை.

ரூபாயை ஏன் வைரமாக மாற்ற வேண்டும்? ரூபாயாகவே விலை சொல்லக் கூடாதா? இதற்கு விடை தேடியபோதுதான் குருமடத்தில் கற்ற அறநெறிப் பாடம் நினைவுக்கு வந்தது. விற்பவன் தன் பொருளின் மறைந்திருக்கும் குறையை வாங்குவோனுக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்று புனித தோமா அக்குவினாஸ் வாதிட்டிருக்கிறார். இங்கே மறைக்கப்படுவது பொருளின் குறைகூட அன்று, விலையே மறைக்கப்படுகிறது. மேலங்கியின் மேல் 4,800 ரூபாய் என்று எழுதியிருந்தால் பீடி சுற்றும் தாயின் மகன் கை நடுங்கியிருப்பான். கற்களின் எண்ணிக்கை எழுதியிருந்ததால் நடுங்கவில்லை. இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. கற்கள் விற்கப்படும் கட்டும் பொருளின் விலையும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. கட்டு நூறு என்றால் சட்டை எண்பது. மீந்த இருபது கல் பையில் கிடந்து, இன்னும் ஒரு கட்டு வாங்கு என்று நச்சரித்துக்கொண்டே இருக்கும்.

இதை அரசுகள் அறியாமல் இல்லை. பிள்ளைகள் பெற்றோரின் இசைவின்றி வாங்கியவற்றுக்காக ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 325 இலட்சம் டாலரைத் திருப்பித் தர 2014 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் 52 கோடி டாலர் செலுத்த இசைந்தது, அதில் 24.5 கோடி, ஆடுவோரைத் தந்திரமாக வாங்கவைத்ததற்காகத் திருப்பித் தரவேண்டிய பணம். 2018 வரை அட்டைக்கு உரியவரின் இசைவைக் கேளாமலே பிள்ளைகள் ஒரு பொத்தானை அழுத்தி அதன் நாணயத்தை வாங்க முடிந்தது என்பது ஆணையம் சாட்டிய குற்றங்களுள் ஒன்று. பரிசு மறைந்த பெட்டிகளைக் காசுக்கு விற்பது சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018 இல் தீர்மானித்தது. சீனம் 2019 இல், எட்டு முதல் பதினாறு வயதுக்கு உட்பட்டோர் மாதத்துக்கு 200 யுவானுக்கு மேல் விளையாட்டில் செலவிடலாகாது என்று வரம்பு கட்டியது. விளையாட்டு நாணயத்தில் விலை சொல்லும்போது உண்மைப் பணத்தின் விலையையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 2025 மார்ச்சில் அறிவுறுத்தின. நம் நாடாளுமன்றமும் 2025 ஆகஸ்டில் ஒரு சட்டம் இயற்றி, பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆசையைத் தூண்டும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. ஆனால் எங்கள் சிறுவன் பணம் வெல்வதற்காகக் கட்டவில்லையே. சட்டைக்காக அல்லவா கட்டினான்!

பணத்தைத் திரும்பப் பெற விண்ணப்பம் எழுதினோம். கடைசி இரண்டு வாங்குதல்களுக்கு மட்டும் 1,600 ரூபாய் வந்தது. ஏனையவை இரகசிய எண்ணைச் சரியாகப் பதித்து வாங்கப்பட்டவை ஆதலால் திருப்ப இயலாது என்று பதில் வந்தது. கல்லூரிக்கு நானே சென்று பேசினேன். கட்டணத்தை மூன்று தவணையாகச் செலுத்த இசைந்தார்கள். மகள் படிப்பைத் தொடர்ந்தாள். ஆனால் தம்பியோடு பேசுவதை விட்டுவிட்டாள். "நீதானே அம்மா அவன் கையில போனைக் கொடுத்த" என்று தாயிடம் ஒருமுறை சொன்னாளாம். அதன்பின் அதைப் பற்றியும் பேசவில்லை.

செப்டம்பரில் எங்கள் பங்குத் திருவிழா. வழக்கம்போல் உணவுக் கடைகளுக்கு டோக்கன் முறை. நூறு ரூபாய்க் கட்டாகத்தான் டோக்கன் கிடைக்கும். பிரியாணி 80. டோக்கன் மேசையருகே நான் நின்றுகொண்டிருந்தபோது அந்தச் சிறுவன் வந்தான். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாமி, மீதி டோக்கனுக்குக் காசு குடுப்பீங்களா?" என்று கேட்டான்.

அவன் குரலில் துடுக்கு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பொருளாளர் முந்திக்கொண்டு, "கோவில் காரியம்தானேடா, மீதி இருந்தா காணிக்கைன்னு வச்சுக்க வேண்டியதுதான்" என்றார். ஆண்டுதோறும் மீந்துபோகும் டோக்கன்களால் எங்களுக்குப் பல்லாயிரம் ரூபாய் ஆதாயம் உண்டு என்பது பொருளாளருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிறுவன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். அன்றிரவு என்னால் உறங்க இயலவில்லை. ஒருவர் காணிக்கை கொடுப்பதற்கும், அவரிடம் இருபது ரூபாய் சிக்கிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை நான் எத்தனை ஆண்டுகளாக எண்ணிப் பாராமல் இருந்திருக்கிறேன்!

2025 ஆம் ஆண்டுத் திருவிழாவுக்குப் பத்து ரூபாய் டோக்கன் அச்சிட்டோம். மீதிக்குக் காசு திருப்பித் தரவும் ஒரு மேசை போட்டோம். விழாக் குழுவில் முணுமுணுப்புக்குக் குறைவில்லை. குலுக்கல் பரிசுச் சீட்டை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. கோபுரத்துக்கு வண்ணம் பூசிய கடன் இன்னும் தீரவில்லை என்றார்கள், நானும் வாளாவிருந்துவிட்டேன்.

காசு திருப்பித் தரும் மேசையில் அந்தச் சிறுவனையே உட்காரவைத்தேன். முதல் நாள் மாலையில் மட்டும் 3,870 ரூபாய் திரும்பிப் போயிற்று; ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் குறித்திருந்தான். இரவு கடைகள் அடைக்கும் நேரத்தில் அவனுடைய அக்காள் வரிசையில் வந்து நின்றாள். விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். இரண்டு டோக்கன்களை மேசைமேல் வைத்தாள். அவன் நிமிர்ந்து பார்க்காமல் இரண்டு பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினான்.

"நோட்டுல எழுதினியா?" என்று கேட்டாள்.

"எழுதிட்டேன்க்கா" என்றான்.