ஓரத்தில் நின்றவர்

முப்பது ஆண்டுகளை அண்மித்துக்கொண்டிருக்கும் எனது பத்திரிகை வாழ்க்கையின் இந்தக் கட்டத்தில், பணிநேரத்தின் பெரும்பகுதி படங்களைக் கத்தரிப்பதிலேயே கழிகின்றது. அச்சுப் பதிப்பின் பக்கங்கள் குறைந்து இணையத்தளத்தின் வேலை கூடியபோது, ஆசிரிய பீடத்தில் இருந்த பழையவர்களில் சிலரை இணையப் பிரிவுக்கு மாற்றினார்கள். கட்டுரையைத் திருத்தி, தலைப்பிட்டு, படத்தை அளவுக்கு வெட்டித் தரவேற்ற வேண்டும். பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தபோது இப்படியொரு வேலைக்காகப் படிக்கின்றேன் என்று எவராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

வேலை இலகுவானதுதான், ஆனால் அலுப்பானது. ஒரே படத்தை மூன்று விதமாக வெட்ட வேண்டியிருக்கின்றது. கட்டுரையின் தலையில் போடுவதற்கு 16க்கு 9 என்ற விகிதத்தில் ஒன்று. பட்டியலில் தெரிவதற்குச் சதுரமாக ஒன்று. முகநூலில் பகிரும்போது ஒழுங்காகத் தெரிவதற்கு 1200க்கு 630 பிக்சல் அளவில் இன்னொன்று. நாம் வெட்டாவிட்டால் மென்பொருள் தானே வெட்டிக்கொள்ளும். அது பெரும்பாலும் படத்தின் நடுவைப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்ப் பக்கங்களைச் சமமாக நறுக்கிவிடும். மனிதர்களுடைய தலை படத்தின் நடுவில் இருப்பதில்லை என்பது அதற்குத் தெரியாது. ஒருமுறை மணிவிழாக் கட்டுரையொன்றைத் தரவேற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். விழா நாயகரின் மருமகன் இரவு பத்து மணிக்குத் தொலைபேசி எடுத்தார். "ஐயா, மாலை வடிவாத் தெரியுது. மாமாவைத்தான் காணேல்லை" என்றார். போய்ப் பார்த்தால் கழுத்துக்குக் கீழே மட்டும் ஒரு மனிதர், மூன்று மாலைகளுடன், முகப்புப் பக்கத்தில் நிற்கின்றார்.

நிருபர்கள் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்புகின்றார்கள். அது படத்தைச் சுருக்கி, எப்போது எந்தக் கமெராவில் எடுக்கப்பட்டது என்ற உள்விபரங்களையும் நீக்கிவிட்டுத்தான் எமது கைக்குத் தருகின்றது. "படமாக அனுப்பாதீர்கள், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்" என்று சொல்லிச் சொல்லி எனது தொண்டை வற்றிவிட்டது. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் இணைய முகவரியில் அது சதவீதக் குறிகளும் இலக்கங்களுமாக ஒரு முழ நீளத்துக்கு நீண்டுவிடும் என்பதையும் இங்கே வந்துதான் அறிந்துகொண்டேன். பாமினி எழுத்துருவில் தளம் நடத்திய காலத்தில், முப்பது கிலோபைட்டுக்கு மேற்பட்ட படம் போட்டால் தொலைபேசி இணைப்பில் இருக்கும் வாசகர் திட்டுவார் என்று அஞ்சிய எமக்கு, இன்றைய தொல்லைகள் எல்லாம் பணக்கார வீட்டுத் தொல்லைகளே.

நான் பத்திரிகையில் சேர்ந்தபோது படத்தைக் கத்தரிப்பதற்குக் கத்தரிக்கோல் பாவிக்கப்படவில்லை. 'ட' எழுத்தின் வடிவத்தில் வெட்டிய இரண்டு கறுப்பு மட்டைத் துண்டுகள் செய்தி ஆசிரியரின் மேசையில் கிடக்கும். அவற்றைப் படத்தின் மீது எதிரும் புதிருமாக வைத்து நகர்த்தினால் பெரிதாகியும் சிறிதாகியும் ஒரு சட்டம் உண்டாகும். எது உள்ளே, எது வெளியே என்று அந்தச் சட்டத்துக்குள் பார்த்துத் தீர்மானித்து, விளிம்பில் பென்சிலால் அடையாளமிட்டு, பின்புறத்தில் எத்தனை பத்தி அகலம் என்று எழுதி இருட்டறைக்கு அனுப்ப வேண்டும். அகலத்தை இவ்வளவு குறைத்தால் உயரம் எவ்வளவு குறையும் என்று கணக்குப் பார்ப்பதற்கு வட்டமான அளவுச் சக்கரம் ஒன்றும் இருந்தது. கணிதத்துக்குப் பயந்து கலைப்பீடத்துக்கு ஓடிய எனக்கு அந்தச் சக்கரம் பெருந்துணை.

எனக்கு அந்த வேலையைப் பழக்கிய பெரியவர் விதிகள் சிலவற்றைச் சொல்லித் தந்தார். மூட்டுகளில் வெட்டாதே. முழங்காலிலோ மணிக்கட்டிலோ வெட்டினால் ஆள் ஊனமுற்றவர் போலத் தெரிவார். பேசுபவர் எந்தப் பக்கம் பார்க்கின்றாரோ அந்தப் பக்கத்தில் இடம் விடு. படக் குறிப்பில் பெயர் இல்லாத முகம் படத்தில் இருக்கக்கூடாது. முதல் இரண்டு விதிகளும் இன்றைக்கும் பயன்படுகின்றன. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வெட்டுவதால் படம் பிறப்பதும் உண்டு. சே குவேராவின் புகழ்பெற்ற முகத்தை அல்பேர்ட்டோ கொர்டா 1960 மார்ச் 5ஆம் திகதி ஹவானாவில் எடுத்தார். 'லா கூப்ர்' கப்பல் வெடிப்பில் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டம் அது. மூலப்படத்தில் ஒரு பக்கத்தில் இன்னொரு மனிதரின் பக்கவாட்டு முகமும் மறுபக்கத்தில் பனையோலைகளும் இருக்கின்றன. இரண்டையும் வெட்டிய பிறகுதான் சுவர்களிலும் சட்டைகளிலும் நாம் காணும் அந்த முகம் கிடைத்தது. இதை எமது அலுவலக இளைஞர்களுக்குச் சொன்னால் மகிழ்ச்சியுடன் கேட்பார்கள். மறுபக்கத்தையும் சொல்வேன். 2020 ஜனவரியில் டாவோஸ் நகரில் கிரேட்டா துன்பேர்க் உட்பட ஐந்து இளம்பெண்கள் நின்ற படத்தை ஏ.பி. செய்தி நிறுவனம் வெளியிட்டபோது, ஓரத்தில் நின்ற உகண்டா நாட்டு வனெசா நகாட்டே வெட்டப்பட்டிருந்தார். அந்தப் படத்திலிருந்த ஒரே கறுப்பினப் பெண் அவர்தான். பின்னாலிருந்த கட்டடம் படத்தின் அமைப்பைக் கெடுத்ததால் வெட்டியதாக முதலில் விளக்கம் தரப்பட்டது. பின்னர் மன்னிப்புக் கோரப்பட்டது. அந்த விளக்கத்தை உலகம் நம்பவில்லை. நான் நம்பினேன். கட்டடத்துக்காக, பத்தி அகலத்துக்காக, அமைப்புக்காக எத்தனை பேரை நானே வெட்டியிருக்கின்றேன். எவர் மீதும் வெறுப்பு இல்லாமலே ஒருவரை இல்லாமற் செய்துவிடலாம் என்பதை இந்த மேசையில் இருந்தவர்கள் அறிவார்கள்.

2004ஆம் ஆண்டு. யுத்தநிறுத்தக் காலம். ஏ9 வீதி திறந்திருந்தபடியால் வன்னி நிருபர்களின் கடித உறைகள் பஸ்ஸில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு படம் வந்தது. வலய மட்ட விளையாட்டுப் போட்டியில் நான்கு தர நூறு மீற்றர் அஞ்சலோட்டத்தில் முதலிடம் பெற்ற பாடசாலை அணி. படத்தில் ஐந்து பையன்கள் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள். நிருபர் எழுதியனுப்பிய குறிப்பில் நான்கு பெயர்கள்தான் இருந்தன. ஐந்தாவது பையன் ஓடாத மேலதிக வீரன் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்று தெரிந்ததெல்லாம் ஐந்து முகம், நான்கு பெயர், இரண்டு பத்தி அகலம். நிருபரைத் தொடர்புகொண்டு கேட்க நேரமிருக்கவில்லை. ஸ்கேன் செய்து, கணினியில் ஓரத்துப் பையனை வெட்டி, அதே கோப்பின் மேலேயே சேமித்தேன். அக்காலத்தில் எமது கணினிகளில் இடம் மிகக் குறைவு. மூலத்தை வேறாக வைத்திருக்கும் வழக்கம் எவருக்கும் இல்லை. படம் மறுநாள் உள்பக்கத்தில் வந்தது. நான் மறந்துவிட்டேன்.

2010ஆம் ஆண்டின் கடைசியில், வரவேற்பறையில் ஓர் அம்மா காத்திருப்பதாகச் சொன்னார்கள். அறுபது வயது மதிக்கலாம். பொலித்தீன் உறைக்குள் மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டொன்றை வெளியில் எடுத்தார்.

"தம்பி, இது உங்கட பேப்பர்தானே?"

"ஓம் அம்மா."

படத்தின் இடது ஓரத்தில், கடைசியாக நின்ற பையனின் தோளில், யாருடையதோ ஒரு கை கிடந்தது. வெட்டும்போது உடலை வெட்டிவிட்டேன், கை மிஞ்சிவிட்டது. மணிக்கட்டில் பெரிய மணிக்கூடு ஒன்று கறுப்புத் திட்டாகத் தெரிந்தது.

"இந்தக் கை என்ர பிள்ளையின்ர. மாமன் கனடாவில இருந்து அனுப்பின மணிக்கூடு அது. பெரிசு, கழண்டு கழண்டு போகும். மிச்சப் படம் உங்களிட்டை இருக்குமோ, தம்பி?"

பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். 2009இல் இடத்துக்கிடம் ஓடியபோது அல்பங்கள் போய்விட்டன. பிள்ளையின் அடையாள அட்டை பிள்ளையுடன் போய்விட்டது. அப்போது அவனுக்கு இருபது வயது. இந்தப் பத்திரிகைத் துண்டை வவுனியாவிலிருந்த உறவினர் ஒருவர், அந்த அணியில் ஓடிய தமது மகனுக்காக எடுத்து வைத்திருந்திருக்கின்றார். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் விசாரணைகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. "எல்லாரும் படத்தோட போகினம். என்னட்டை ஒண்டும் இல்லை. என்னெண்டு காட்டிறது?" என்றார்.

இரண்டு நாள் தேடினேன். பழைய கணினியின் வன்தட்டில் கோப்பு இருந்தது. நான்கு பையன்களும் ஒரு கையும்தான் அதில் இருந்தார்கள். அச்சிட்ட மூலப்படம் பெட்டியொன்றில் இருந்திருக்க வேண்டும். இடையில் ஒரு தடவை அலுவலகம் மாடி மாறியபோது அந்தப் பெட்டிகள் பழைய கடதாசிக்காரருக்குப் போயிருந்தன. நிருபரை எப்படியோ தொடர்புகொண்டேன். படச்சுருள் அவரிடம் இல்லை. கழுவிய ஸ்ரூடியோவும் இல்லை. அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொடியன் நல்லாப் பாடுவான்" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். படத்தை வெட்டியது நான்தான் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒரு நிறுவனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எமது தொழிலில் மிக இலகு. அவர் கோபப்படவில்லை. பத்திரிகைத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இந்தக் கையை மட்டும் பெரிசாக்கித் தரேலுமோ?" என்று கேட்டார்.

அவர் வைத்திருந்தது பத்திரிகைத் தாள். எமது அச்சில் ஓர் அங்குலத்துக்கு 85 வரிசைப் புள்ளிகள். அந்தக் கை அரை அங்குலந்தான். அப்படியானால் நீளவாக்கில் நாற்பது சொச்சப் புள்ளிகளுக்கு மேல் அதில் இல்லை. எங்களிடமிருந்த கோப்பும் அச்சின் அளவுக்குச் சுருக்கப்பட்டதுதான் என்றாலும் தாளை விடச் சற்று நன்று. அதைத் திறந்து, நான்கு பையன்களையும் ஒவ்வொருவராக வெட்டி நீக்கி, ஒரு தோளின் மேல் கிடந்த கையை மட்டும் எஞ்ச வைத்து, எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினேன். இம்முறை வேறு பெயரில் சேமித்தேன். ஏ4 தாளில் அச்சிட்டபோது சாம்பல் நிறக் கட்டங்களாகத்தான் வந்தது. விரல்கள் எங்கே முடிகின்றன, சட்டை எங்கே தொடங்குகின்றது என்பது தெரியவில்லை. மணிக்கூடு மட்டும் தெரிந்தது.

அம்மா அதைக் கையில் வாங்கி அருகில் பார்த்தார். பிறகு கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "தள்ளி வைச்சுப் பார்த்தாத் தெரியுது" என்றார். உறையில் போட்டுக் கொடுத்தேன். காசு எவ்வளவு என்று கேட்டார்.

அதன் பிறகு அவரை நான் காணவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளுடைய தொடர் போராட்டம் தொடங்கியதிலிருந்து, அங்கிருந்து வரும் படங்களையெல்லாம் நானே கத்தரிக்கின்றேன். வேறு எவரிடமும் கொடுப்பதில்லை. அந்தப் படங்களில் உள்ள தாய்மார் கைகளில் வைத்திருக்கும் படங்களைக் கூர்ந்து பாருங்கள். அவற்றில் பலவும் கத்தரிக்கப்பட்டவை. கலியாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ பத்துப் பேருடன் நின்ற பிள்ளையைத் தனியாகப் பிரித்தெடுத்துப் பெரிதாக்கியிருப்பார்கள். தோளில் யாருடையதோ கை இருக்கும், காதோரத்தில் யாருடையதோ சேலைத் தலைப்பு இருக்கும். மென்பொருளிடம் விட்டால், தாயின் முகத்தை வைத்துக்கொண்டு கையில் உள்ள படத்தை வெட்டிவிடும். அல்லது படத்தை வைத்துக்கொண்டு தாயின் தலையை வெட்டிவிடும். 1200க்கு 630 என்ற சட்டத்துக்குள் இரண்டு முகங்களும் அடங்காவிட்டால், இரண்டு பக்கத்திலும் கறுப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் போடுகின்றேன். பார்ப்பதற்கு அழகில்லை என்று வடிவமைப்பாளர்கள் முறையிட்டிருக்கின்றார்கள்.

மூலக் கோப்பின் மேல் எவரும் சேமிக்கக்கூடாது என்பதும் எமது பிரிவில் நான் போட்ட சட்டந்தான். மாதந்தோறும் வன்தட்டுக்குக் காசு கேட்டுக் கணக்குப் பிரிவுடன் சண்டை பிடிக்கின்றேன்.

போன கிழமை, நூல் வெளியீட்டுப் படமொன்றைத் திறந்து வைத்துக்கொண்டு இணையப் பிரிவுத் தங்கை ஒருவர் கேட்டார்.

"சேர், இடது பக்கத்தில நிக்கிறவரை வெட்டட்டுமா? குறிப்பில பேர் இல்லை."

"யார் அவர்?"

"தெரியாது சேர்."

"நிருபரைக் கேட்டுப் பாருங்கோ."

கேட்டார். ஒலிபெருக்கி பூட்ட வந்தவராம். வயரை இழுத்துக்கொண்டு போகும்போது படத்துக்குள் அகப்பட்டுவிட்டார். பெயரையும் நிருபர் சொன்னார். ஒலியமைப்பு என்று எழுதி அந்தப் பெயரையும் குறிப்பில் சேர்த்தோம். பேராசிரியரின் முகம் கைத்தொலைபேசியில் சிறிதாகத் தெரிகின்றது என்று மாலையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார்.